ஹாஸ் ஸ்லைமானின் இரண்டு பாதிகள்

2020-இல் ஊரடங்கு போட்டிருந்த நாட்கள். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் சாச்சா மகன், அதாவது சித்தப்பா மகன், ஊருக்கு வந்துவிட்டான். அவன் வீட்டில் நெட் சரியாக வராது என்று எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்வான், இரவு அங்கேயே படுத்துக்கொள்வான். ஒரு நாள், எல்லாரும் இஷா தொழுதுவிட்டுப் படுத்த பிறகு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். "ராத்தா, ஒரே ஒரு எபிசோட்தான். பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. முடியிற வரைக்கும் எதுவும் கேட்காதீங்க" என்றான். இயர்போனில் ஒரு முனை அவன் காதில், ஒரு முனை என் காதில்.

'லிட்டில் அமெரிக்கா' என்ற தொடர். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஆப்பிள் டிவியில் வந்திருந்தது. எட்டு எபிசோட், எட்டு வேறு வேறு மனிதர்கள், எல்லாரும் எங்கிருந்தோ அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தவர்கள். உண்மையாக நடந்தவற்றைத் தழுவி எடுத்தது. அவன் போட்டது எட்டாவது எபிசோட். பெயர் 'தி சன்', மகன்.

சிரியாவில் ரஃபீக் என்று ஒரு பையன். ஆணை விரும்புகிறவன் என்பது வீட்டுக்குத் தெரிந்துபோகிறது. உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு ஓடுகிறான். டமாஸ்கஸில் ஸைன் என்பவனைச் சந்திக்கிறான். ஸைனுக்குக் கெல்லி கிளார்க்சன் பாட்டு என்றால் உயிர். ஸைனுக்கு முதலில் அமெரிக்காவில் அடைக்கலம் கிடைத்துவிடுகிறது. ரஃபீக் ஜோர்டானில் காத்துக் கிடந்து, கடைசியில் அவனும் ஐடஹோ மாநிலத்தின் பாய்சி என்ற ஊருக்குப் போய்ச் சேருகிறான். கதை இவ்வளவுதான்.

முடிந்ததும் தம்பி இயர்போனைக் கழற்றவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே "நானும் அப்படித்தான் ராத்தா" என்றான்.

அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. இவ்வளவு எழுதுவதற்கும் அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆனால் ரஃபீக்காக நடித்தவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே மனதில் கிடக்கிறது. தம்பி வாயால் சொல்ல முடியாததை அந்த மனிதர் தன் முகத்தால் சொல்லிக் கொடுத்தார். அவர் பெயர் ஹாஸ் ஸ்லைமான்.

பெய்ரூட்டில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 21 வயதில் அமெரிக்காவுக்குப் போனவர். அவர் நடித்தவற்றை ஆண்டு வரிசையில் தேடித் தேடிப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒன்று புலப்பட்டது. பல ஆண்டுகளாக அவரிடம் பாதி மனிதனைத்தான் நடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். முஸ்லிமாக ஒரு படம், தன்பாலீர்ப்பாளராக இன்னொரு தொடர். இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற ஆளாக அவரை யாரும் கூப்பிடவில்லை, அவரோ அப்படித்தான் பிறந்திருந்தார்.

2009 ஜூனில் 'நர்ஸ் ஜாக்கி' என்ற தொடர் ஷோடைம் சானலில் தொடங்கியது. நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் நடக்கிற கதை. எடி ஃபால்கோதான் ஜாக்கி. ஹாஸுக்கு ஜாக்கியின் நண்பனான ஆண் நர்ஸ் வேடம். அந்த நர்ஸின் பெயர் முகமது டி லா க்ரூஸ், எல்லாரும் 'மோ-மோ' என்று கூப்பிடுவார்கள். முகமது என்று பெயர் வைத்த ஒரு தன்பாலீர்ப்பாளர், அமெரிக்கத் தொடரில், 2009-இல்! ஆனால் முகமது என்பது பெயரோடு நின்றுவிட்டது. அவனுக்கு வீடு என்ன, உம்மா யார், வெள்ளிக்கிழமை என்றால் மனதில் ஏதாவது ஓடுமா, ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. ஜாக்கி மனம் திறந்து பேச ஒரு தோள் தேவைப்பட்டது, அந்தத் தோளாக அவன் இருந்தான். முதல் சீசனோடு ஆளையும் காணோம்.

அதே 2009-இல் லண்டனில் பிபிசியின் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில் சையத் மசூத் என்ற பாத்திரம் வந்தது, மார்க் எலியட் நடித்தது. தொழுகிற பிள்ளை, பாகிஸ்தானி வம்சக் குடும்பம், பக்கத்திலேயே வசிக்கிற கிறிஸ்டியன் மேல் காதல். நிக்காஹ் வரை போய், பெண்ணின் வாழ்க்கையும் குலைந்து, பெற்றோர் ஒதுக்கி வைத்து என்று மூன்று ஆண்டுகளுக்கு மேல் இழுத்துக்கொண்டு போன கதை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வீடு ஓடுகிற தொடரில் அது வந்தது என்பதால் எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு. ஆனால் அது தனியாக எழுத வேண்டிய விஷயம். நான் ஹாஸிடம் திரும்புகிறேன்.

2015-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் சானலுக்காக எடுத்த 'கில்லிங் ஜீசஸ்' தொலைக்காட்சிப் படத்தில் அவர் ஏசுவாக நடித்தார். முஸ்லிமாக வளர்ந்த ஒருவர் ஏசுவாகவா என்று சிலர் முகம் சுளித்தார்கள். ஈசா நபியின் பெயரை மரியாதையோடு சொல்லி வளர்கிற பிள்ளைகள் நாம். நம்மவர்களுக்கும் அது உறுத்தும், ஆனால் வேறு காரணத்துக்கு: நபிமார்களை உருவமாகக் காட்டுவதே நமக்கு வழக்கமில்லை. இரண்டு பக்கமும் நெளிய வைத்த வேடம் அது. அதற்கு முன்பும் பிறகும் வந்தவற்றை நினைத்துப் பார்க்கும்போது, அந்த மனிதர் இப்படி இரண்டு பக்கமும் இடிபடுகிற இடத்தில்தான் எப்போதும் நின்றிருக்கிறார் என்று தோன்றுகிறது.

2017 ஆகஸ்டில் அவர் முகநூலில் ஒரு வீடியோ போட்டார். தான் தன்பாலீர்ப்பாளர், முஸ்லிம், அரபு அமெரிக்கர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். அமெரிக்காவில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் வெறுப்பினால் கொல்லப்படுவது கூடிக்கொண்டே போகிறது என்று அந்த நேரத்தில் வந்த ஒரு அறிக்கைதான் அவரைப் பேச வைத்தது. அப்போது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். பிறந்த நாடான லெபனானில் தண்டனைச் சட்டத்தின் 534-ஆவது பிரிவு இதற்காக ஓராண்டு வரை சிறையில் போட இடம் தருகிறது. வாழ வந்த நாட்டில் அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஏழு முஸ்லிம் நாடுகளிலிருந்து யாரும் உள்ளே வரக்கூடாது என்று டிரம்ப் உத்தரவு போட்டிருந்தார். வந்த நாட்டில் முஸ்லிம் என்றால் சந்தேகம், விட்டு வந்த நாட்டில் தன்பாலீர்ப்பாளர் என்றால் குற்றம். இந்த நேரத்தில் ஒன்றையாவது மறைத்துக்கொள்ளலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். இவர் ஒன்றையும் விடவில்லை.

அதற்குப் பிறகு வந்த பெரிய வேடம் என்ன தெரியுமா? 2018-இல் அமேசானின் 'ஜாக் ரயன்'. அதில் இவர் பயங்கரவாதத் தலைவன் மூஸாவின் தம்பி அலி. இந்தத் தொடர் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் 1983-இல் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சின்னப் பையன்களாக அண்ணனும் தம்பியும் இருக்கும்போது விமானம் குண்டு போடுகிற காட்சியோடு அது தொடங்குகிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவன் வளர்ந்து வருகிறபோது ஹாஸாக வருகிறான். அண்ணன் மேல் வைத்த பாசத்தினால் நாசமாய்ப் போகிற தம்பியாக அவர் நடித்திருக்கிறார், தீமையின் பொம்மையாக இல்லை. கொடுத்த பாதியிலும் மனிதனைத் தேடுகிற நடிகர் என்று அதைப் பார்த்தபோது புரிந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் ரஃபீக்.

எபிசோடைப் போன ரமலானில் திரும்பவும் பார்த்தேன், இந்த முறை தனியாக. ஸைனாக நடித்த ஆடம் அலி லிபிய வம்சத்து பிரிட்டிஷ் நடிகர். அவர் வந்து நின்றாலே அறை நிறைந்துவிடுகிறது, கை பேசும், கண் பேசும். ரஃபீக் அப்படி இல்லை. இருக்கிற இடம் தெரியாமல் இருக்கப் பழகியவன். தோளை உள்ளே இழுத்து வைத்திருக்கிறார் ஹாஸ், யாரோ பின்னாலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்பது போல. சிரிக்கும்போது கூட முதலில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கண் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உதடு விரிகிறது. இதைப் பார்த்ததும் எனக்குச் சுரீரென்றது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில், ஆண்கள் பந்தியில், தம்பி இப்படித்தான் சிரிப்பான். கூச்ச சுபாவம் என்று இருபது வருடமாக நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

தலைப்பையும் யோசித்துப் பாருங்கள். அகதி என்று வைத்திருக்கலாம், காதலன் என்று வைத்திருக்கலாம். மகன் என்று வைத்திருக்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய ஒரு நடிகரை வைத்து, மகன். வீட்டை விட்டு எத்தனை ஆயிரம் மைல் போனாலும் அந்த உறவு மட்டும் கூடவே வருகிறது. வாப்பாவுக்குப் பிள்ளையாக இருக்க முடியாமல் போனது ரஃபீக்கின் முகத்தில் கடைசி வரை இருக்கிறது, பாய்சியில் வந்து இறங்கிய பிறகும். நல்லபடி முடிகிற கதைதான், ஆனால் அந்த இழப்பை ஹாஸ் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை. இதனால்தான் எனக்கு இந்த நடிப்பு உயர்ந்ததாகப் படுகிறது.

எழுதியவர்களும் முக்கியம். இயக்குநர் ஸ்டீஃபன் டன்னோடு சேர்ந்து இதை எழுதியவர் அம்ரூ அல்-காதி. ஈராக்கிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து லண்டனில் பெண் வேடம் போட்டு ஆடிப் பாடுகிற 'டிராக்' கலைஞராக மேடை ஏறுகிறவர். எழுதுகிறவர், நடிக்கிறவர் இருவருக்கும் இது சொந்த ரத்தத்தில் தெரிந்த விஷயம். 'நர்ஸ் ஜாக்கி'யில் பெயராக மட்டும் நின்ற முகமதுக்கும் இந்த ரஃபீக்குக்கும் நடுவே உள்ள வித்தியாசம் இங்கேதான் உண்டாகிறது. நடிகர் அதே நடிகர். அவருக்குத் தெரிந்ததைப் பயன்படுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் பதினோரு ஆண்டு கழித்துத்தான் கிடைத்தார்கள்.

இன்னொன்று. அமெரிக்காவுக்கு வந்து சேருகிறவர்களின் கதையைச் சொல்கிற இந்தத் தொடரில், இந்த எபிசோடை மட்டும் அமெரிக்காவில் எடுக்க முடியவில்லை. நடிக்க வேண்டியவர்களை டிரம்ப் போட்ட அந்தப் பயணத் தடை உள்ளே விடாது என்பதால் கனடாவில் போய் எடுத்தார்கள். கதையில் ரஃபீக்குக்குக் கதவு திறக்கிறது. அதை நடித்துக் காட்ட வந்தவர்களுக்கு அது மூடியிருந்தது. 2016 நிதியாண்டில் அமெரிக்கா 12,587 சிரிய அகதிகளை ஏற்றுக்கொண்டது. 2018 நிதியாண்டில் 62 பேர். அறுபத்திரண்டு! ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு எபிசோடைப் பார்த்தால், விமானம் இறங்குகிற இடத்தில் சந்தோஷத்தோடு தொண்டையையும் அடைக்கிறது.

சிரியாவின் தண்டனைச் சட்டத்தில் 520-ஆவது பிரிவு மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் ரஃபீக் போன்றவர்கள் ஓடுவது பெரும்பாலும் சட்டத்துக்குப் பயந்து இல்லை, அண்ணனுக்கும் வாப்பாவுக்கும் பயந்துதான். அப்படி ஓடி அடைக்கலம் கேட்டு நின்றால், அதுவரை உயிரைக் கொடுத்து மறைத்த ஒன்றை முன்பின் தெரியாத அதிகாரியிடம் நம்பும்படி எடுத்துச் சொல்ல வேண்டும். மறைப்பதில் கெட்டிக்காரனாக இருந்ததால்தான் உயிரோடு வந்தவன், மறைத்த சுவடு தெரியாமல் பேச வேண்டும். எப்படி முடியும்?

இந்த எபிசோடைக் குறை சொல்கிறவர்களின் வாதமும் எனக்குத் தெரியும். அரபு நாடு என்றால் இருட்டு, அமெரிக்கா என்றால் வெளிச்சம் என்று பழைய பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. முஸ்லிம் வீட்டைக் காட்டும்போதெல்லாம் கை ஓங்குகிற வாப்பாவை மட்டும் காட்டினால் எனக்கும் வலிக்கத்தான் செய்யும், என் வாப்பா அப்படி இல்லை. ஆனால் இது ஒருவருக்கு நடந்ததை வைத்து எடுத்தது. நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லி நம் மானத்தைக் காப்பாற்ற வேண்டாம்.

அந்த வாதத்துக்கு ஹாஸே ஒரு பதில் வைத்திருக்கிறார். அதே 2020-இல் 'பிரேக்கிங் ஃபாஸ்ட்' என்ற படம். தொலைக்காட்சித் தொடர் இல்லை, சின்ன பட்ஜெட் சினிமா. எடுத்தவர் மைக் மொஸல்லம், அமெரிக்காவில் டியர்பார்ன் என்ற ஊரின் லெபனான் அமெரிக்க முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை, அவரும் தன்பாலீர்ப்பாளர். 'நோன்பு திறத்தல்' என்று அப்படியே தமிழில் சொல்லிவிடலாம் படத்தின் பெயரை. மோ என்ற டாக்டர், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் வெஸ்ட் ஹாலிவுட்டில் இருக்கிறார். அங்கே தன்பாலீர்ப்பாளர் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இவர் தொழுகிறவர், குடிக்காதவர், ரமலான் வந்தால் நோன்பு வைக்கிறவர். அதுதான் அங்கே ஆச்சரியம். கால் என்ற வெள்ளைக்காரர் அறிமுகமாகி, தினமும் மஃரிப் நேரத்தில் இவரோடு நோன்பு திறக்க வந்து உட்காருகிறார். ஒரு மாதம் முழுக்க, ஒரு மேசை, சாப்பாடு, பேச்சு. நம் மார்க்கத்தை நினைத்தாலே மனம் நொந்துபோகிற நண்பன் சாமோடு மோ சண்டை போடுகிறார், அந்தச் சண்டையில் இரண்டு பேருக்கும் காயம் இருக்கிறது. மோவின் பெற்றோர் மகனை ஏற்றுக்கொண்டவர்கள்.

ரஃபீக்கையும் மோவையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருவன் வீட்டை இழந்தவன். இன்னொருவன் வீட்டோடு இருக்கிறவன். ஹாஸ் ரஃபீக்குக்காக உள்ளே இழுத்து வைத்த தோளை மோவுக்காக விட்டுவிட்டார், நடையே மாறிவிட்டது. தம்பிக்கு ரஃபீக்கைத்தான் முதலில் பிடித்தது. மோவைப் பார்த்தபோது அவன் ஒன்று கேட்டான்: "நோன்பும் வச்சுக்கிட்டு, இதையும் வச்சுக்கிட்டு இருக்கலாமா ராத்தா?" ஃபத்வா கேட்கிற தொனியில் கேட்கவில்லை. அப்படி ஒரு வாழ்க்கை சாத்தியமா என்பதை அவன் அதுவரை யோசித்தே பார்த்ததில்லை என்று குரலில் தெரிந்தது. ஏதாவது ஒரு பாதியைக் கழற்றி வைத்தால்தான் இன்னொரு பாதி வாழும் என்றே முப்பது வயது வரை நினைத்திருக்கிறான்.

2021-இல் மார்வெலின் 'எடர்னல்ஸ்' படத்தில் சூப்பர்ஹீரோ ஃபாஸ்டோஸின் கணவர் பென்னாக ஹாஸ் வந்தார். அவர்களுக்கு ஒரு மகன் உண்டு, வாசலில் நின்று முத்தம் கொடுத்து வழியனுப்புகிறார்கள், அவ்வளவுதான். சவூதி அரேபியா, குவைத், கத்தாரில் படம் திரைக்கு வரவில்லை. பென் முஸ்லிமா என்று படம் சொல்வதில்லை. அது பரவாயில்லை. ஆனால் எனக்கு ரஃபீக் போதும், மோ போதும்.

அவரைப் போலவே இன்னும் சிலர் வந்துவிட்டார்கள் இப்போது. ஸ்பெயினின் 'எலீட்' தொடரில் ஒமர் அயுஸோ, அவருடைய தாயார் மொராக்கோக்காரர். 'அமெரிக்கன் காட்ஸ்' தொடரில் டாக்ஸி ஓட்டுகிற ஜின்னும் ஓமானிலிருந்து வந்த சலீமும். ஒவ்வொன்றையும் பற்றிப் பேச நிறைய உண்டு, இன்னொரு நாள்.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன வருடம் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளிவாசலில் ஊற்றிய நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தான். வாளியை அடுப்பங்கரையில் வைத்துவிட்டு, "ராத்தா, உம்மாவுக்கு அந்த எபிசோடைப் போட்டுக் காட்டட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கு நெஞ்சு படபடத்தது. அவன் உம்மா, என் சாச்சி, ஆங்கிலப் படம் பார்க்கிறவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, முதல்ல 'தி விசிட்டர்' போடு" என்றேன்.

ஹாஸை உலகத்துக்குக் காட்டிய படம் அது, 2007-இல் வந்தது. சிரியாவிலிருந்து வந்து நியூயார்க்கில் தாளம் வாசித்துப் பிழைக்கிற தாரிக். ஜெம்பே என்ற ஆப்பிரிக்க முழவு. மனைவியை இழந்து மனம் வறண்டுபோன ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அதை வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறான். ரிச்சர்ட் ஜென்கின்ஸ்தான் பேராசிரியர். ஒரு நாள் சுரங்க ரயில் நிலையத்தில் போலீஸ் பிடிக்கிறது, காகிதம் இல்லை என்று அடைத்து வைக்கிறார்கள், கடைசியில் நாட்டை விட்டே அனுப்பிவிடுகிறார்கள். அவனைத் தேடி உம்மா வருகிறார், ஹியாம் அப்பாஸ் நடித்தது. காதல் தாரிக்குக்கு ஒரு பெண் மேல்தான். அந்தப் படத்தில் சாச்சி பயப்பட ஒன்றும் இல்லை.

பெருநாள் கழிந்த மறுநாள் மத்தியானம். வட்டலப்பம் மிச்சம் இருந்தது. சாச்சி பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். தாரிக் முழவு வாசிக்கும்போது சாச்சியின் விரல்கள் முழங்காலில் தானாகத் தட்டின. பிள்ளையை அனுப்பிவிட்டார்கள் என்ற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொம்பளை பாவம், புள்ளை பின்னாலேயே போறா பாரு. எங்க போனாலும் பெத்தவ போகத்தானே செய்வா" என்றார்.

படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. சாச்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், நின்று தம்பியிடம் கேட்டார்: "நல்ல முகம் அந்தப் பையனுக்கு. வேற எதுலயாச்சும் நடிச்சிருக்கானா?"

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான்.